தழும்போடு ஒரு முகம்

தில்லித் தமிழருக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட் பாதி ஊர். கறிவேப்பிலை, முருங்கைக்காய், வாழையிலை, இட்லி அரிசி, நேந்திரங்காய் சிப்ஸ் என்று மற்ற இடங்களில் அலைந்து தேட வேண்டியதெல்லாம் இங்கே ஒரே சந்தில் கிடைக்கும். சாலைக்கு அந்தப் பக்கம் தில்லி ஹாட். கொஞ்சம் தள்ளி எய்ம்ஸும் சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும். அதனால் மீன் கடைக் கூட்டத்தில் நம் ஊர் நர்ஸுகளையும் கேரளத்து நர்ஸுகளையும் பார்க்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த இரண்டு பெண்கள் மீன் கடை முன்னால் பேசிக்கொண்டிருந்தார்கள். திருநெல்வேலிப் பேச்சு.

"நல்ல பொண்ணுதான்க்கா. நர்ஸு வேலை, நம்ம சபைதான். நெறந்தான் கொஞ்சம் கம்மி. போட்டோவப் பாத்ததுமே பய மொகத்தச் சுளிச்சிட்டான்."

"நீ என்னட்டீ சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? வாழப்போறவன் அவன்லா."

சொல்லிக்கொண்டே அந்த அம்மா ஒரு சீலாவைத் தூக்கி, செவுளை விரலால் விரித்து உள்ளே பார்த்தார். மேல் பளபளப்பை அவர் நம்பவில்லை. மீனுக்குக் கிடைத்த அந்தக் கவனம், முகம் தெரியாத அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கவில்லையே என்று எனக்கு வேதனையாக இருந்தது.

'ஃபேர் அண்ட் லவ்லி' சந்தைக்கு வந்தது 1975இல். 2020இல் அந்த நிறுவனமே பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை எடுத்துவிட்டது. நம் கிறிஸ்தவ வரன் விளம்பரங்களில் மட்டும் 'சிவந்த நிறம்' இன்னும் இருக்கிறது. இத்தனைக்கும் ஞாயிறு பள்ளியில் சாமுவேல் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஈசாயின் மூத்த மகன் எலியாபின் உயரத்தையும் தோற்றத்தையும் பார்த்து, இவன்தான் ராஜா என்று அந்தத் தீர்க்கதரிசியே நினைத்துவிடுகிறார். மனிதன் பார்க்கிற இடத்தைத் தான் பார்ப்பதில்லை, இருதயத்தையே பார்ப்பதாகக் கர்த்தர் அவரைத் திருத்துகிறார். அன்று எலியாபுக்குப் பதிலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தம்பி தாவீதின் மகன் அப்சலோம், இஸ்ரவேல் முழுவதும் மெச்சிய அழகன். தகப்பனுக்கு எதிராகப் படை திரட்டியவனும் அவன்தான். ஏசாயா காட்டும் பாடுபடும் தாசனுக்கோ, நாம் விரும்பத்தக்க ரூபம் எதுவும் இல்லை. அந்தத் தாசனில்தான் கிறிஸ்தவர்கள் இயேசுவைக் காண்கிறார்கள்.

பேதுருவின் முதல் நிருபத்தைப் பெண்களுக்கு மட்டும் எடுத்துச் சொல்கிற வழக்கமும் நம்மிடம் உண்டு. சடைப் பின்னலும் பொன் நகையும் அல்ல, அமைதியான உள்ளமே அலங்காரம் என்று சொல்லும் அந்த அதிகாரத்திலேயே, கணவன் மனைவிக்குக் கனம் கொடுக்க வேண்டும் என்றும் இருக்கிறது. அதை வைத்துப் பிரசங்கம் கேட்பது அபூர்வம். உள்ளத்தின் அழகை ஆண்களிடமும் கேட்க வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறவர் டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்தில் 1925இல் பிறந்து, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1954இல் சக மருத்துவர்களோடு போன வண்டி கவிழ்ந்தது. முதுகுத்தண்டில் அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. முகத்திலும் காயம், கன்னத்தில் தழும்பு தங்கிவிட்டது. இருபத்தெட்டு வயது. நிற்கவும் முடியாத டாக்டர் இனி என்ன செய்வார் என்ற கேள்வி எல்லோருக்கும் இருந்தது.

வழி காட்டியவர், தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளுக்கு அறுவை செய்துவந்த டாக்டர் பால் பிராண்ட். கை அறுவையை உட்கார்ந்தபடியே செய்யலாம் அல்லவா? மேரி சக்கர நாற்காலியில் இருந்தபடி அதைக் கற்றார், செய்தார். விரல் மடங்கி, ஊரால் ஒதுக்கப்பட்டு வந்தவர்களுக்கு முன்னால், கன்னத்தில் தழும்போடு, தானே நடக்க முடியாத ஒரு டாக்டர். அவர் நம்பிக்கை சொன்னால், அது வசதியாக நின்றுகொண்டு சொல்லும் ஆறுதலாக இருக்க முடியாது. பிறகு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, மறுவாழ்வு மருத்துவத் துறையை வேலூரில் நடத்தினார். 1966இல் வேலூர் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972இல் பத்மஸ்ரீ. 1986இல் மறைந்தார்.

அவருடைய தழும்பு மறைந்துவிடவில்லை. விசுவாசம் அதை அழகாக்கிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அது அவர் பட்ட வலியைச் சின்னதாக்கும் பேச்சு. அவர் தன் முகத்தைப் பற்றிய துக்கத்தோடு நின்றுவிடாமல், அடுத்தவர் கையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினார். ஜனங்கள் அவரை நாடி வந்தது அதற்காகத்தான்.

வெளித்தோற்றம் ஒன்றுமே இல்லை என்று பிராண்டின் குழு நோயாளிகளுக்குப் போதிக்கவும் இல்லை. தொழுநோயில் சிலருக்குப் புருவமயிர் உதிர்ந்துவிடும், மூக்கு அமுங்கிவிடும். கை சரியாகி ஊர் திரும்பினாலும் முகத்தைப் பார்த்து வேலை மறுப்பார்கள். அதனால் தலைத்தோலில் ஒரு துண்டை நெற்றிக்குள் நகர்த்திப் புதுப் புருவம் அமைத்தார்கள். தலைமுடி ஆயிற்றே, வளர்ந்துகொண்டே இருக்கும், கத்தரித்துவிட வேண்டும். புருவம் திரும்பக் கிடைத்த பெருமையில் சிலர் கத்தரிக்காமல் நீளமாக விட்டுவிடுவார்களாம். அந்தச் சந்தோஷத்தை யார் குறை சொல்ல முடியும்? அழகு மாயை என்று அடுத்தவருக்கு உபதேசம் செய்வது சுலபம். அவருக்குப் புருவம் வைத்துக்கொடுப்பதில்தான் அன்பு இருக்கிறது.

ஆகவே அந்த மீன் கடைத் தாய்க்கும் பையனுக்கும் உபதேசம் செய்ய நான் விரும்பவில்லை. சபைகளிடம் கேட்பது ஒன்றுதான். வரன் பதிவுப் படிவத்தில் 'நிறம்' என்று ஒரு கட்டம் இருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் இருவருக்கும் பொதுவாக வேறு கேள்விகள் வரட்டும். கூட வேலை பார்ப்பவர்கள் என்ன சொல்கிறார்கள்? வீட்டு வேலைக்கு வருகிறவரிடம் எப்படிப் பேசுவார்? உடம்புக்கு முடியாத பாட்டியை யார் குளிப்பாட்டினார்? பெண் நர்ஸ் என்றால் அவளுடைய வார்டு சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். ராத்திரி டூட்டியில் ஒரு நோயாளி வலியில் கத்தும்போது அவள் என்ன செய்வாள் என்று அந்த சிஸ்டருக்குத் தெரிந்திருக்கும்.