பழைய மோடங்களும் சேமிப்பு இடைமுகங்களும்: தரவுப் பரிமாற்ற வேக ஒப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

மோடம், நெகிழ்வட்டு, வன்தட்டு ஆகியவற்றுக்குக் குறிக்கப்படும் வேக எண்கள் ஒரே அலகில் அமைந்தவை அல்ல. அவற்றை அப்படியே ஒப்பிடுவது பிழையான முடிவுக்கு இட்டுச்செல்லும். ஒரு நெகிழ்வட்டின் கொள்ளளவைப் பொது அளவுகோலாகக் கொண்டு அவ்வேகங்களை ஒப்பிடும் இக்கட்டுரை, தமிழ் மின்னுரைகளின் பரவலுக்கும் பாதுகாப்புக்கும் அவ்வொப்பீடு உணர்த்துவதை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மோடம், நெகிழ்வட்டு, வன்தட்டு, பிட், பைட், குறியேற்றம், மின்னுரை.

முன்னுரை

மோடத்தின் வேகத்தைப் பிட்டிலும் சேமிப்புக் கருவியின் வேகத்தைப் பெரும்பாலும் பைட்டிலும் குறிப்பது மரபு. 8 பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். ஆயினும் எட்டால் வகுப்பதால் மட்டும் இரண்டும் ஒப்பிடத்தக்கவை ஆகிவிடா. அனுப்பப்படும் பிட்டுகள் அனைத்தும் பயனரின் தரவு அல்ல என்பதே அதற்குக் காரணம்.

1. மோடங்கள்

ஏடி அண்ட் டி நிறுவனம் 1962இல் வெளியிட்ட பெல் 103 மோடம் நொடிக்கு 300 பிட்டுகளை அனுப்பியது. அதில் ஒவ்வொரு குறிகை மாற்றமும் ஒரு பிட்டைச் சுமந்ததால் குறிகை மாற்றத்தின் அலகாகிய ‘பாட்’ என்பதும் பிட் வேகமும் ஒன்றாயின. பின்வந்த வி.22பிஸ் தரத்தில் நொடிக்கு 600 குறிகை மாற்றங்களே நிகழ்ந்தன. ஒவ்வொன்றும் 4 பிட்டுகளைச் சுமந்ததால் வேகம் 2,400 பிட்டுகள் ஆயிற்று. எனவே அதனை ‘2,400 பாட் மோடம்’ என வழங்கியது பொருந்தாது.

இவ்வகைத் தொடர்பில் ஒவ்வொரு பைட்டுக்கும் முன் ஒரு தொடக்கப் பிட்டும் பின் ஒரு நிறுத்தப் பிட்டும் சேர்க்கப்பட்டன. ஆகவே ஒரு பைட்டை அனுப்ப 10 பிட்டுகள் தேவைப்பட்டன. 2,400 பிட் மோடம் நொடிக்குத் தந்தது 300 பைட்டுகள் அல்ல, 240 பைட்டுகளே. பிற்கால வி.42 பிழைதிருத்த நெறிமுறை இச்சுமையை நீக்கியது. 1998இல் ஏற்கப்பட்ட வி.90 தரம் இறக்கத்துக்கு 56,000 பிட்டுகளையும் ஏற்றத்துக்கு 33,600 பிட்டுகளையும் உச்ச வரம்பாகக் கொண்டிருந்தது. தொலைபேசித் தடத்தின் இரைச்சலுக்கேற்ப உண்மை வேகம் குறைந்தது.

2. சேமிப்பு இடைமுகங்கள்

1.44 மெகாபைட் நெகிழ்வட்டின் குறிப்பு வேகம் நொடிக்கு 5,00,000 பிட்டுகள். அதாவது 62,500 பைட்டுகள். ஆனால் ஒரு தடத்தில் 512 பைட் கொண்ட 18 பிரிவுகளே உள்ளன. வட்டு நொடிக்கு 5 முறை சுழல்கிறது. எனவே கிடைக்கும் தரவு 46,080 பைட்டுகள். எஞ்சியவை பிரிவுகளின் முகவரிக்கும் இடைவெளிக்கும் செலவாகின்றன.

சீகேட் 1980இல் அறிமுகப்படுத்திய எஸ்டி-506 வன்தட்டு இடைமுகத்தின் வேகம் நொடிக்கு 50 லட்சம் பிட்டுகள். தடத்துக்கு 17 பிரிவுகள், நொடிக்கு 60 சுழற்சிகள் என்ற அமைப்பில் இது 5,22,240 பைட்டுகள் ஆகும். 1983இல் வந்த ஐபிஎம் பிசி எக்ஸ்டி கணினியால் அவ்வேகத்துக்கு ஈடுகொடுக்க இயலவில்லை. ஆகவே ஒரு தடத்தை முழுதும் படிக்க 6 சுழற்சிகள் தேவைப்படுமாறு பிரிவுகள் இடைவிட்டு அடுக்கப்பட்டன. பயன்வேகம் 87,040 பைட்டுகளாகக் குறைந்தது.

2003இல் வெளிவந்த சாட்டா வட்டுகளின் இடைமுக வேகம் நொடிக்கு 150 கோடி பிட்டுகள். இங்கும் 8 பிட் தரவு 10 பிட்டுகளாக மாற்றியே அனுப்பப்படுவதால் கிடைப்பது 150 மெகாபைட். மோடத்தில் பைட்டின் எல்லையைக் காட்டுவதற்காகவும், சாட்டாவில் கடிகார ஒத்திசைவைக் காப்பதற்காகவும் இச்சுமை ஏற்கப்பட்டது.

3. பொது அளவுகோலில் ஒப்பீடு

நெகிழ்வட்டின் முழுக் கொள்ளளவாகிய 14,74,560 பைட்டுகளை மாற்ற ஆகும் நேரம் பின்வருமாறு. மோடங்களுக்குப் பைட்டுக்கு 10 பிட் எனக் கொள்ளப்பட்டுள்ளது. தரவுச் சுருக்கம், பிழைகள், படிமுனை நகரும் நேரம் ஆகியவை சேர்க்கப்படவில்லை.

300 பிட் மோடம்: 13 மணி 39 நிமிடம்
2,400 பிட் மோடம்: 1 மணி 42 நிமிடம்
33,600 பிட் மோடம்: 7 நிமிடம் 19 நொடி
56,000 பிட் மோடம்: 4 நிமிடம் 23 நொடி
நெகிழ்வட்டு: 32 நொடி
எக்ஸ்டி வன்தட்டு: 17 நொடி
சாட்டா இடைமுகம்: நொடியில் நூற்றில் ஒரு பங்கு

தொலைபேசித் தடத்தின் உச்ச வேகத்தை எட்டிய மோடமும் நெகிழ்வட்டை விட எட்டு மடங்கு மெதுவானது என்பது இதனால் தெளிவாகும்.

4. தமிழ் மின்னுரைகள்

மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றதும் 1998ஆம் ஆண்டில்தான். அது நூல்களைத் திஸ்கி குறியேற்றத்திலும் பின்னர் ஒருங்குறியிலும் வெளியிட்டது. ‘தமிழ்’ என்னும் சொல் திஸ்கியில் 4 பைட்டுகளும், ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவில் 15 பைட்டுகளும் கொள்ளும். 33,600 பிட் மோடம் நொடிக்கு அச்சொல்லைத் திஸ்கியில் 840 முறையும் யுடிஎஃப்-8இல் 224 முறையும் அனுப்ப வல்லது. தரவுச் சுருக்கம் இவ்வேறுபாட்டை ஓரளவு குறைக்கும். எனினும் மோடக் காலத்தில் ஒற்றை பைட் குறியேற்றம் எழுத்துருச் சிக்கலுக்கு மட்டுமன்றி வேகக் குறைவுக்கும் ஏற்ற தீர்வாக இருந்தது எனலாம்.

முடிவுரை

பரிமாற்றத்தின் வேகத்தை முடிவுசெய்வது அதன் மிக மெதுவான உறுப்பே. பழைய நெகிழ்வட்டுகளில் உள்ள தமிழ்த் தரவுகளை மீட்க முனைவோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும். இன்றைய விரைவான இடைமுகத்தில் இணைத்தாலும் வட்டின் சுழற்சி மாறாது. 1,000 நெகிழ்வட்டுகளைப் படிக்கக் குறைந்தது 8 மணி 53 நிமிடம் ஆகும். வட்டுகளை மாற்றுவதற்கும் பழுதுற்ற பிரிவுகளை மீண்டும் படிப்பதற்கும் ஆகும் நேரம் இதற்குப் புறம்பானது. காந்தப் பூச்சு நாளடைவில் சிதைவதால், இம்மீட்புப் பணியின் கால அளவைக் கருவியின் விளம்பர எண்ணைக் கொண்டு அன்றி, வட்டின் பயன்வேகத்தைக் கொண்டே திட்டமிடுதல் வேண்டும்.