பில்லைப் படிக்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்

சம்பாதிக்கிறவர்கள்தான் வரி கட்டுகிறார்கள் என்று பல வீடுகளில் நினைக்கிறோம். பத்து ரூபாய்க்கு பிஸ்கட் வாங்கும் மூன்றாம் வகுப்புக் குழந்தையும் வரி கட்டுகிறது. கட்டுகிறவருக்கு, எதற்கு எவ்வளவு கட்டுகிறோம் என்று அறிய உரிமை உண்டு.

யாருக்குப் போகிறது?

2017 ஜூலை 1 முதல் பெரும்பாலான பொருள்களுக்கு ஜிஎஸ்டி எனும் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறையில் இருக்கிறது. உள்ளூர்க் கடையில் வாங்கும் பொருளின் வரியில் பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநில அரசுக்கு. பில்லில் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று இரண்டு வரிகள் இருப்பது இதனால்தான். கடைக்காரர் அதை வசூலித்து அரசிடம் சேர்ப்பவர்.

குழந்தையோடு போடும் கணக்கு

2025 செப்டம்பர் 22 முதல் பென்சில், ரப்பர், நோட்டுப் புத்தகத்துக்கு வரி இல்லை. பிஸ்கட், சாக்லேட், பற்பசைக்கு 5 சதவீதம். சர்க்கரை சேர்த்த கேஸ் குளிர்பானத்துக்கு 40 சதவீதம்.

பாக்கெட்டில் அச்சிட்ட எம்ஆர்பி எனும் அதிகபட்ச சில்லறை விலைக்குள் எல்லா வரிகளும் அடக்கம். எனவே 10 ரூபாய் பிஸ்கட்டில் வரி 50 காசு என்று குழந்தை சொன்னால் திருத்துங்கள். வரிக்கு முந்தைய விலை 100 என்றால், வரியோடு 105. பத்தை 105ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் சுமார் 48 காசு வரும். இதே முறையில் 40 ரூபாய் குளிர்பானத்தில் வரி சுமார் 11 ரூபாய் 43 காசு. எதை ஊக்குவிக்கிறது, எதைத் தடுக்கப் பார்க்கிறது அரசு என்ற பேச்சை இங்கிருந்தே தொடங்கலாம்.

எங்கே ஏமாறுகிறோம்?

* எம்ஆர்பிக்கு மேல் ஜிஎஸ்டி என்று தனியாகக் கூட்டுவது.
* ஜிஎஸ்டியில் பதிவு செய்யாத கடை வரி வசூலிப்பது. பதிவு செய்த கடையின் பில்லில் 15 இலக்க எண் இருக்கும். தமிழ்நாட்டுக் கடை என்றால் 33இல் தொடங்கும்.
* காம்போசிஷன் திட்டத்தில் (மொத்த விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தைத் தன் கையிலிருந்தே வரியாகக் கட்டும் முறை) உள்ள சிறு வணிகர் தனியாக வரி கேட்பது. அவருக்கு அந்த உரிமை இல்லை.
* ஹோட்டலில் சர்வீஸ் சார்ஜை வரி போலக் காட்டுவது. அது வரியே அல்ல, கட்டாயப்படுத்தவும் கூடாது.
* “பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்” என்ற பேச்சு. பொருள் பழுதானால் காட்ட ஆதாரம் இருக்காது. வரியும் அரசுக்குப் போகாது.

என்ன செய்யலாம்?

200 ரூபாய்க்குக் குறைவாக வாங்கினாலும், கேட்டால் பதிவு பெற்ற கடை பில் தர வேண்டும். பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண்ணில் சந்தேகம் இருந்தால் ஜிஎஸ்டி இணையதளத்தில் இட்டுப் பாருங்கள். கடையின் பெயர் தெரியும். முதலில் கடைக்காரரிடமே கேளுங்கள். பல நேரம் பில் போட்டவரின் தவறாக இருக்கும். சரிசெய்ய மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யலாம். எம்ஆர்பியை மீறினால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு நடவடிக்கை எடுக்கும். இழப்பீடு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை.

அடுத்த முறை கடையிலிருந்து வந்ததும் பில்லைப் பிள்ளையின் கையில் கொடுங்கள். ஜிஎஸ்டி எண் எங்கே, வரி எவ்வளவு, எம்ஆர்பியைத் தாண்டியதா என்று மூன்றே கேள்விகள் கேளுங்கள். பத்து வயதில் பில்லைப் படிக்கப் பழகிய பிள்ளையை வளர்ந்தபின் ஏமாற்றுவது எளிதல்ல.