பிரேக் மிதித்தால் கார் ஒரு பக்கம் ஓடுகிறதா? குறை மறுபக்கத்தில் இருக்கலாம்!

பாகான் செராயில் அறுவடைக் காலம். கூட்டரசு முதலாம் எண் சாலையில் நெல் லோரிகள் வரிசையாக வருகின்றன. எதிர்த்திசையில் ஒரு பழைய புரோட்டோன் சாகா. முன்னால் போகும் மோட்டார் சைக்கிள் சட்டென்று வேகத்தைக் குறைக்க, ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கிறார். வண்டியின் வேகம் குறைகிறது. ஆனால் அது நேராகப் போகவில்லை. ஸ்டீயரிங் கையைப் பிடுங்கிக்கொண்டு வலப்பக்கம் திரும்புகிறது.

வாகனங்கள் சாலையின் இடப்பக்கம் ஓடும் நாடு இது. வலப்பக்கம் இழுத்தால் எதிரே லோரி. இடப்பக்கம் இழுத்தால் ஓரமாகப் போகும் மோட்டார் சைக்கிளோட்டி. அவரையும் தாண்டினால் வயலுக்குத் தண்ணீர் பாயும் கால்வாய்.

இப்படி இழுத்தால் பலர் முதலில் போய் நிற்பது டயர் கடையில். "அலைன்மெண்ட் பார்த்தாச்சு அண்ணே, இன்னும் இழுக்குதே!" என்ற புலம்பல் பட்டறைகளில் புதிதல்ல. அலைன்மெண்ட் கெட்டிருந்தால், பெரும்பாலும் பிரேக் மிதிக்காமல் சும்மா ஓடும்போதே வண்டி ஒரு பக்கம் சாயும். நேராக ஓடும் வண்டி, மிதிக்கும்போது மட்டும் இழுத்தால் முதல் சந்தேகம் பிரேக் மீதுதான் விழ வேண்டும்.

சரி, எந்தப் பக்கத்துப் பிரேக்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இரட்டை மாட்டு வண்டியை நினைத்துப் பாருங்கள். ஒரு மாடு நின்றுவிட்டு மற்றது நடந்தால், வண்டி நின்ற மாட்டின் பக்கம்தான் திரும்பும். காரும் அப்படியே. நன்றாகப் பிடிக்கும் சக்கரத்தின் பக்கம் அது இழுக்கும். வலப்பக்கம் இழுக்கும் கார் என்றால், இடப்பக்கத்து முன் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்பதே அநேகமாகக் காரணம். இது தெரியாமல் வலப்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தால் பணமும் போகும், நேரமும் போகும்.

1985-ல் வெளிவந்த முதல் சாகாவில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், பின்சக்கரங்களுக்கு டிரம் பிரேக். மிதிக்கும்போது வண்டியின் பாரம் முன்னால் சாய்வதால், இழுப்புக்குப் பெரும்பாலும் முன்சக்கரங்களே காரணம். கேலிப்பரின் பிஸ்டன் உட்புற பேடைத் தள்ளும். கேலிப்பர் தன் பின்களின் மேல் நகர்ந்து வெளிப்புற பேடை இழுத்துப் பிடிக்கும். பழைய வண்டியில் அந்தப் பின்கள் சேறும் துருவும் ஏறி இறுகிவிடும். தோட்டத்துச் செம்மண் பாதையில் ஓடிய வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஒரு பேட் தேய்ந்தும் மற்றது தடிமனாகவும் இருந்தால் இதுதான் அடையாளம்.

பிஸ்டனும் துருப்பிடிக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. புதிய டாட் 3 எண்ணெய் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. அதில் 3.7 விழுக்காடு நீர் சேர்ந்தால் அந்த வரம்பே 140-க்கு இறங்கிவிடுகிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றுவது நல்லது. கைக்குக் கிடைத்த இன்ஜின் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். ரப்பர் உறைகள் ஊதிப்போய், மொத்த அமைப்பும் பாழாகும்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. பிரேக் பிடித்தபின் விடாமல் ஒட்டிக்கொள்ளும். அப்போது வண்டி அதே பக்கம் இழுக்கும், காலை எடுத்த பிறகும் இழுக்கும். சற்றுத் தூரம் ஓட்டி நிறுத்தி, சக்கரங்களின் அருகே கையைக் கொண்டு போய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அனல் வீசினால் சந்தேகம் அதில்தான். பட்டறையில் அந்தச் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, கேலிப்பரின் காற்றெடுக்கும் திருகைச் சற்றுத் தளர்த்துவார்கள். சக்கரம் உடனே விடுபட்டால், பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி எண்ணெயைத் திரும்ப விடவில்லை என்று பொருள். வெளியே பார்த்தால் ஹோஸ் புதிதுபோலவே இருக்கும்! திருகைத் தளர்த்தியும் சக்கரம் விடுபடாவிட்டால், கேலிப்பரே இறுகியிருக்கிறது.

பேடில் கிரீஸ் பட்டிருந்தாலும் இழுக்கும். லோவர் ஆர்ம் புஷ் தேய்ந்திருந்தால், மிதிக்கும்போது 'டொக்' என்ற சத்தத்தோடு சக்கரமே சற்றுத் திரும்பிவிடும். வெள்ளத்தில் ஓடிய வண்டி முதல் சில மிதிகளில் மட்டும் இழுத்தால் அது ஈரம், காய்ந்தால் போய்விடும். டயர் மீது சந்தேகமா? முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான்.

பேடையோ ஹோஸையோ ஒரு பக்கம் மட்டும் மாற்றுவது சிக்கனமல்ல. புதியதும் பழையதுமாக மறுபடி இழுப்பு வரும். இரு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும். வேலை சரியாக நடந்ததா என்று தெரிய, வாகனப் பரிசோதனை நிலையத்தில் உருளைகளின் மேல் சக்கரங்களை ஓடவிட்டு இடம், வலம் இரண்டின் பிடியையும் அளந்து பார்க்கலாம்.

பட்டறையிலிருந்து கிளம்புமுன், பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதித்துப் பாருங்கள். முதல் ஓட்டம் ஆளில்லாத திடலில், மெதுவாக. லோரிகள் ஓடும் சாலைக்கு அப்புறம் போகலாம்.