டர்போவும் எஞ்சினும்

எஞ்சினின் வலிமை அது உட்கொள்ளும் காற்றின் அளவைப் பொறுத்தது. வீணே வெளியேறும் கழிவுவாயுவின் ஆற்றலால் மிகுதியான காற்றை உருளைகளுட் செலுத்தும் முறைக்கு, சுவிற்சர்லாந்துப் பொறியியலாளர் அல்பிரட் பூக்கி 1905ஆம் ஆண்டிற் காப்புரிமை வேண்டி விண்ணப்பித்தார். டர்போ என்னுங் கருவி அவ்வழி வந்ததே.

1989இல் வெளிவந்த மஸ்டா எம்.எக்ஸ்-5 விளையாட்டுக் காரின் 1.6 லீற்றர் எஞ்சின் டர்போவின்றி அமைந்தது. அதன் அமுக்க விகிதம் 9.4க்கு 1. இத்தகைய எஞ்சினிற் காற்று மட்டும் பெருகிப் பெற்றோல் பெருகாவிடின் வெப்பம் மிகும். சுவாலை பரவுமுன் எஞ்சிய கலவை தானே வெடிக்கும். இத் தட்டல் நீடிப்பின் முசலம் உருகும் அன்றி உடையும். ஆதலின் பெரிய இன்ஜெக்டர்கள், தீப்பொறி நேரத்தையும் எரிபொருளையும் திருத்தும் கணினி, காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் ஆகியவற்றை அமைத்த பின்னரே அமுக்கத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துதல் வேண்டும்.

டர்போவின் தண்டு நிமிடத்துக்கு 1,00,000 முறைக்கு மேலுஞ் சுழல்வது. எண்ணெய்ப் படலமே அதனைத் தாங்குகிறது. எண்ணெய் திரும்புங் குழாய் தடையின்றிக் கீழ்நோக்கிச் சரிந்திராவிடின் எண்ணெய் கசிந்து நீலப் புகை தோன்றும்.

அமுக்கம் குறையின் குழாய் இணைப்புகளிற் கசிவைத் தேடுக. கரும்புகை தோன்றின், அளவிட்ட காற்று இடைவழியே வெளியேறுகின்றதோ என ஆராய்க. அமுக்கம் எல்லை கடப்பின், மிகைவாயுவை விலக்கும் வாயிலையும் அதன் சிறு குழாயையும் நோக்குக. தட்டல் கேட்பின் உடனே வேகமிதியினின்று காலை எடுத்தல் வேண்டும். காரணம் அறியாது அமுக்கத்தைக் கூட்டுவோன் எஞ்சினையே இழப்பான்.