கணிப்பொறியில் கேட்பாரற்றுக் கிடக்கும் உடைமைகள்

யூனிக்ஸ் வழிவந்த கணிப்பொறிகளை நிர்வகிப்போர் சில வேளைகளில் விசித்திரமானதொரு நிலைமையை எதிர்ப்படுவதுண்டு. நேற்றுவரை ஒழுங்காக ஓடிவந்த அபாச்சி என்னும் வலைச்சேவை நிரல் இன்று தொடங்க மறுக்கிறது. ‘சாதனத்தில் இடம் இல்லை’ என்று பொருள்படும் ஒரு வாசகத்தைப் பதிவேட்டில் எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. நிர்வாகி வட்டைச் சோதிக்கிறார். வட்டில் வேண்டிய இடம் காலியாகவே இருக்கிறது. ஐயுற்று, பழைய கோப்புகள் சிலவற்றை அழித்தும் பார்க்கிறார், பயனில்லை. கணிப்பொறியை நிறுத்தி மீண்டும் இயக்கினால் மட்டும் தொல்லை அகன்றுவிடுகிறது. ஆனால் சில நாட்களிலோ வாரங்களிலோ அது மீண்டும் தலைகாட்டுகிறது.

இங்கே தீர்ந்துபோனது வட்டின் இடம் அன்று. ‘ஸெமபோர்’ எனப்படும் வேறொரு பொருளாகும். இரண்டு குறைகளுக்கும் ஒரே பிழை எண்ணையும் ஒரே வாசகத்தையும் வைத்தது யூனிக்ஸை வகுத்தோர் செய்த சிக்கனம். அச்சிக்கனத்தால் வீணான மனித உழைப்பு சிறிதன்று. உண்மையான காரணத்தைக் கண்டறிய உதவும் கட்டளையே ‘ஐ.பி.ஸி.எஸ்.’ என்பது. திரையில் நான்கு எழுத்துக்களைத் தட்டினால் போதும். அது தன் பட்டியலை விரித்துவிடும். அப்பட்டியலைப் படித்தறிவதற்கு, அதில் இடம்பெறும் மூவகைப் பொருள்களின் தன்மையை முதலில் தெரிந்துகொள்வது அவசியம்.

கணிப்பொறியில் ஒரே சமயத்தில் பல நிரல்கள் ஓடுகின்றன. ஒன்றின் நினைவகத்தை மற்றொன்று தொடாதவாறு, ‘கெர்னல்’ எனப்படும் மையநிரல் அவற்றிற்கிடையே சுவர் எழுப்பி வைத்திருக்கிறது. எனினும் ஒரே பணியைப் பங்கிட்டுச் செய்யும் நிரல்கள் தம்முள் செய்தி பரிமாறிக்கொள்ள வேண்டியிருக்கிறது. அதற்கென மையநிரல் அளிக்கும் சாதனங்கள் மூன்று. முதலாவது, பொது நினைவகம்: பல நிரல்களும் எழுதவும் படிக்கவும் கூடிய ஒரு பொதுக் கரும்பலகை. இரண்டாவது, செய்தி வரிசை: ஒரு நிரல் இட்டுச்சென்ற கடிதத்தை மற்றொன்று வந்து எடுத்துக்கொள்ளும் தபால் பெட்டி போன்றது.

மூன்றாவதான ஸெமபோர், நம் இரயில் நிலையங்களில் நின்றிருந்த கைகாட்டி மரத்தின் பெயரைக் கொண்டது. ஹாலந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா, 1960-களில் இக்கருத்தை வகுத்தார். உள்ளபடி அது ஓர் எண்ணே ஆகும். பொதுக் கரும்பலகையில் எழுத விரும்பும் நிரல், எழுதுமுன் அவ்வெண்ணில் ஒன்றைக் குறைக்க வேண்டும். எழுதி முடிந்ததும் ஒன்றைக் கூட்ட வேண்டும். எண் சுழியாக இருந்தால் அடுத்து வரும் நிரல் காத்து நிற்கும். ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி ஒன்று சென்றுகொண்டிருக்கையில் எதிர்வண்டிக்குக் கைகாட்டி தாழாதிருப்பது போன்ற ஏற்பாடு இது.

இம்மூன்றும் அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரிலிருந்த பெல் ஆராய்ச்சிக்கூடப் பிரிவில் 1970-களில் உருவாகி, 1983-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸிஸ்டம் ஐந்து’ என்னும் யூனிக்ஸ் பதிப்பின் வாயிலாகப் பரவின. பிற்காலத்து லினக்ஸும் இவற்றை ஏற்றுக்கொண்டது.

இவற்றிற்கு ஒரு தனி இயல்பு உண்டு. தொல்லைகளுக்கெல்லாம் வேர் அதுவே. ஒரு நிரல் திறந்து வைத்த கோப்பு, அந்நிரல் மடிந்தவுடன் தானே மூடப்பட்டுவிடும். அது பெற்ற சொந்த நினைவகமும் திரும்பப் பெறப்படும். ஆனால் அது உண்டாக்கிய பொது நினைவகமும் செய்தி வரிசையும் ஸெமபோரும், உண்டாக்கியவன் மடிந்த பின்னும் மையநிரலிடத்தில் அப்படியே இருக்கும். யாரேனும் அவற்றை வெளிப்படையாக நீக்க வேண்டும். அன்றேல் கணிப்பொறியை மீண்டும் இயக்க வேண்டும். முறைப்படி நிறுத்தப்படும் நிரல் தன் உடைமைகளைத் தானே அப்புறப்படுத்திவிட்டுச் செல்லும். திடீரெனக் கொல்லப்படும் நிரலுக்கு அந்த அவகாசம் கிடைப்பதில்லை. அபாச்சி நிரல் சில அமைப்புகளில் இவ்வகை ஸெமபோர்களைக் கையாள்வதுண்டு. அது பலமுறை இவ்வாறு கொல்லப்பட்டபோது மிச்சப்பட்ட ஸெமபோர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து அனுமதிக்கப்பட்ட எல்லையைத் தொட்டன. மேலே கூறிய விசித்திரத்தின் மர்மம் இவ்வளவே.

ஐ.பி.ஸி.எஸ். கட்டளையின் பட்டியல் மூன்று பகுதிகளாக வரும். கட்டளையை அடுத்துச் சிறு கோடும் ‘எம்’ என்ற எழுத்தும் இட்டால் பொது நினைவகம் மட்டும் தெரியும். ‘க்யூ’ இட்டால் செய்தி வரிசைகள். ‘எஸ்’ இட்டால் ஸெமபோர்கள். ஒவ்வொரு வரியிலும் பொருளின் திறவெண், அடையாள எண், உரிமையாளர் பெயர், அனுமதிக் குறி ஆகியவை காணப்படும். திறவெண் என்பது, ஒன்றையொன்று அறியாத நிரல்கள் ஒரே பொருளை வந்தடைவதற்காக முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளும் எண்ணாகும். அது சுழியாக இருப்பின் அப்பொருள் தனி உபயோகத்திற்கென உண்டாக்கப்பட்டது என்று கொள்ளலாம்.

பொது நினைவக வரியில் மிக முக்கியமான இலக்கம், எத்தனை நிரல்கள் தற்போது அதனுடன் இணைந்துள்ளன என்பதைக் காட்டுவது. அது சுழியாக இருந்தால் சந்தேகிக்க இடமுண்டு. ஆனால் அதுவே தீர்ப்பாகிவிடாது. பின்னர் வந்து இணைவதற்காகவே சில நிரல்கள் அதனை விட்டுச் சென்றிருக்கவும் கூடும். ஆகவே ‘பி’ என்ற எழுத்தை இட்டு, உண்டாக்கிய நிரலின் எண்ணையும் கடைசியாகத் தொட்ட நிரலின் எண்ணையும் பார்க்க வேண்டும். ‘டி’ இட்டுக் கடைசியாகத் தொட்ட நேரத்தையும் பார்க்க வேண்டும். அந்நிரல் உயிருடன் உள்ளதா என்பதை ‘பி.எஸ்.’ என்னும் வேறொரு கட்டளை தெரிவிக்கும். இதிலும் ஒரு வழுக்கல் உண்டு. மடிந்த நிரலின் எண் நாளடைவில் புதிய நிரலொன்றுக்கு வழங்கப்படலாம். எண் அதுவேயாயினும் ஆள் வேறு.

ஸெமபோருக்கோ இணைப்புக் கணக்கே கிடையாது. அதன் அடையாள எண்ணை ‘ஐ’ என்ற எழுத்துடன் கொடுத்து விசாரித்தால், எண்ணின் தற்போதைய மதிப்பும், காத்திருக்கும் நிரல்களின் தொகையும், கடைசியாக மாற்றிய நிரலின் எண்ணும் கிடைக்கும். மதிப்பு சுழி, காத்திருப்போர் பலர், கடைசியாகத் தொட்டவன் உயிருடன் இல்லை என்று மூன்றும் பொருந்தினால், கைகாட்டியை இறக்காமலே காவலன் இறந்துவிட்டான் என்று ஊகிப்பது பெரும்பாலும் பிழையாகாது.

நீக்குவதற்கு ‘ஐ.பி.ஸி.ஆர்.எம்.’ என்னும் தனிக் கட்டளை உண்டு. பார்ப்பதையும் அழிப்பதையும் இரு வேறு கட்டளைகளாக வைத்தது விவேகமான செயல். பொது நினைவகத்தை நீக்கச் சொன்னால், இணைந்துள்ள கடைசி நிரல் விலகும்வரை அது காத்திருக்கும்; அதுவரை பட்டியலில் அழிவிற்குக் குறிக்கப்பட்டதென்ற அடையாளத்துடன் நிற்கும். ஸெமபோர் அவ்வாறன்று; அந்தக் கணமே மறையும். அதற்காகக் காத்திருந்த நிரல்கள் பிழைச் செய்தியுடன் விழித்தெழும்.

ஆராயாமல் அழிப்பதனால் விளையக்கூடிய தீங்கிற்குப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தக்க உதாரணம். 2013-இல் வெளிவந்த அதன் 9.3 பதிப்பு முதல், பெரும்பகுதி நினைவகம் வேறு முறையில் பெறப்படுகிறது. எனினும் மிகச் சிறிய பழைய முறைத் துண்டு ஒன்று மட்டும் வேண்டுமென்றே வைக்கப்பட்டுள்ளது. இணைப்புக் கணக்கைக் காட்டும் ஒரே காரணத்திற்காக! ஒரே தரவுக் கோப்புகளின்மீது இரண்டாவது நிரலொன்று தொடங்க முற்பட்டால், பழைய நிரல்கள் இன்னும் இணைந்துள்ளனவா என்று அக்கணக்கைப் பார்த்தே அது தன்னைத் தடுத்துக்கொள்கிறது. சில பைட்டுகளே உள்ள துண்டுதானே என்று அதனை நீக்குபவர், கோப்புகளுக்கு இருந்த ஒரு காவலை அகற்றிவிடுகிறார்.

‘எல்’ என்ற எழுத்து எல்லைகளைக் காட்டும். லினக்ஸில் ஸெமபோர்த் தொகுதிகளின் இயல்பான உச்ச எண்ணிக்கை முன்னர் 128 ஆக இருந்தது. 2015-இல் வந்த 3.19 பதிப்பில் 32,000 ஆக உயர்த்தப்பட்டது. 2014-இல் வந்த 3.16 பதிப்பில் பொது நினைவகத்தின் அளவெல்லையும் ஏறத்தாழ அகற்றப்பட்டது. இதனால் தொல்லை வெளிப்படும் நாள் தள்ளிப்போயிற்றேயன்றி, கசிவு நின்றுவிடவில்லை. ஓட்டைக் குடத்திற்குப் பதிலாகப் பெரிய ஓட்டைக் குடம் வாங்கியதற்கு ஒப்பாகும் இது.

இக்கட்டளையின் பார்வைக்கு எட்டாதனவும் உள. பிற்காலத்தில் ‘போஸிக்ஸ்’ தர விதிப்படி அமைந்த பொது நினைவகமும் ஸெமபோர்களும் இதன் பட்டியலில் வாரா. லினக்ஸில் பெயரிடப்பட்டவற்றை ‘டெவ்’ அடைவினுள் உள்ள ‘எஸ்.எச்.எம்.’ என்னும் அடைவில் தேட வேண்டும். மேலும், 2006-இல் வந்த 2.6.19 பதிப்பு முதல் லினக்ஸ் இவ்வுடைமைகளைத் தனித்தனிக் கூடங்களாகப் பிரித்து வைக்க வல்லது. எனவே, டாக்கர் போன்ற கொள்கலனுக்குள் ஓடும் நிரலொன்றைப் பற்றி வெளியிலிருந்து விசாரித்தால், அதற்கெனத் தனிக் கூடம் இருக்கும் பட்சத்தில், பட்டியலில் அதன் உடைமைகள் இரா. கொள்கலனுக்குள்ளேயே நுழைந்து அங்கிருந்து இக்கட்டளையை இட்டால்தான் அவை தென்படும்.