பழைய மோட்டார் சைக்கிள் பொறியின் உட்பாகங்களைத் தூய்மைப்படுத்தல்

பழைய மோட்டார் சைக்கிள் பொறியின் உட்பாகங்களைத் தூய்மைப்படுத்தல் என்பது, பல ஆண்டுகள் ஓடிய அல்லது ஓடாமல் கிடந்த பொறியை முழுவதும் பிரித்து, உள்ளே படிந்துள்ள கரி, எண்ணெய்க் கசடு, துரு, உலோகத் துகள் ஆகியவற்றை நீக்கும் பணியாகும். இது வெளிப்புறத்தை மெருகூட்டுவதிலிருந்து வேறுபட்டது. உள்ளே தங்கிவிடும் சிறிதளவு மணலும் புதிதாகப் பொருத்திய தாங்கிகளை அழித்துவிடக் கூடும். இக்கட்டுரை திருவொற்றியூரில் தயாரிக்கப்பட்ட வார்ப்பிரும்பு உருளை கொண்ட என்பீல்டு புல்லட் 350 பொறியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பணியை விளக்குகிறது.

பின்னணி

1955 இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரைச் சேர்ந்த ராயல் என்பீல்டு நிறுவனத்துடன் இணைந்து என்பீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. இதன் தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. இவ்வூர் 2018 வரை திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்து, பின்னர் சென்னை மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்கள் இங்கு பூட்டப்பட்டன; பின்னர் எல்லாப் பாகங்களும் இந்தியாவிலேயே செய்யப்பட்டன. இங்கிலாந்தில் உற்பத்தி நின்ற பின்னரும் இங்கு அது தொடர்ந்தது. வார்ப்பிரும்பு உருளைப் பொறி 2010 ஆம் ஆண்டளவில் கைவிடப்பட்டது. எனவே மீள்கட்டமைப்புக்கு வரும் பொறிகள் இன்றும் ஏராளமாக உள்ளன.

அழுக்கு தங்கும் இடங்கள்

இப்பொறியின் உருளை 70 மி.மீ. விட்டமும், 90 மி.மீ. வீச்சும், 346 கன செ.மீ. கொள்ளளவும் உடையது. எண்ணெய்க்கெனத் தனித் தொட்டி இல்லை. கிராங்க் பெட்டியின் ஒரு பகுதியே எண்ணெய் அறையாகப் பயன்படுகிறது. இரண்டு எக்கிகளுள் ஒன்று எண்ணெயைத் தாங்கிகளுக்கு அனுப்புகிறது. மற்றொன்று அதனைத் திரும்ப அறைக்குக் கொண்டுவருகிறது. ஆகவே அறையின் அடித்தளம், வடிகட்டி அறை, எக்கிகள், துளைவழிகள், உருளைத் தலைக்குச் செல்லும் மெல்லிய குழாய்கள் ஆகிய யாவும் அழுக்கு தங்கும் இடங்களாகும்.

பட்டறைகளில் கிராங்க் எனப்படும் வணரித்தண்டு சுழலும்போது, மையவிலக்கு விளைவால் எண்ணெயில் உள்ள கனமான துகள்கள் வெளிநோக்கித் தள்ளப்பட்டு அதன் எண்ணெய் வழிகளில் கெட்டியாகப் படியும். இக்கசட்டைப் பாதி கரைத்து விடுவது, அப்படியே விடுவதைக் காட்டிலும் தீங்கானது. கழன்ற கசடு புதிய எண்ணெயுடன் சென்று குறுகிய துளையை அடைத்தால் தாங்கிக்கு எண்ணெய் கிட்டாது.

உலோகத்துக்கேற்ற முறை

முதலில் பாகங்களை உலோக வகைப்படி பிரித்துக்கொள்ள வேண்டும். உருளை வார்ப்பிரும்பாலும், வணரித்தண்டு எஃகாலும், உருளைத் தலை, கிராங்க் பெட்டி, பிஸ்டன் ஆகியவை அலுமினியக் கலவையாலும் ஆனவை. வார்ப்பிரும்பைக் கழுவ உதவும் எரிசோடாக் கரைசலில் அலுமினியத்தை இடக்கூடாது. எரிசோடா அலுமினியத்தை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஐதரசன் வளிமத்தை வெளியிடும்.

* கிராங்க் பெட்டி: அலுமினியம் எஃகைப் போல ஏறத்தாழ இரு மடங்கு விரிவடையும். பெட்டியைச் சுமார் 100 பாகை செல்சியசு வரை சீராகச் சூடாக்கினால் தாங்கிகள் சம்மட்டி அடியின்றிக் கழலும். பின்னர் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, அடைப்பான்களைக் கழற்றி, ஒவ்வொரு துளைவழியையும் நீண்ட தூரிகையால் தேய்க்க வேண்டும்.
* உருளைத் தலையும் பிஸ்டனும்: கரியை ஊறவைத்து, மரம் அல்லது பித்தளைச் சுரண்டியால் எடுக்கலாம். எஃகுச் சுரண்டி அலுமினியத்தில் கீறலை உண்டாக்கும்.
* தாங்கிகள்: கழுவிய குண்டுத் தாங்கிகளை அழுத்தக் காற்றால் சுழல விடக்கூடாது. எண்ணெயின்றிச் சுழன்றால் அவற்றின் பரப்புகள் கெடும். வேகம் மிகுந்தால் தாங்கி சிதறி ஆளையும் காயப்படுத்தலாம்.
* உருளை: சாணைக்கல்லால் உட்சுவரைத் தேய்த்த பின், வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவ வேண்டும். மண்ணெண்ணெய் மட்டும் சாணைத் துகளை முற்றிலும் நீக்காது. வெள்ளைத் துணியால் துடைக்கும்போது சாம்பல் நிறம் தோன்றாத வரை கழுவுதல் தொடர வேண்டும். உலர்ந்தவுடன் எண்ணெய் பூசாவிடில், குறிப்பாகக் கடலோர ஈரக்காற்றில், விரைவில் துரு பிடிக்கும்.

மணல் அல்லது கண்ணாடி மணிகளைப் பீய்ச்சிச் சுத்தம் செய்வது பெட்டியின் தோற்றத்தைப் பொலிவாக்கும். ஆனால் அம்மணிகள் திருகுத் துளைகளிலும் எண்ணெய் வழிகளிலும் ஒளிந்துகொள்ளும். இம்முறையைக் கையாள்வோர் முதலில் எல்லாத் துளைகளையும் அடைத்து, பின்னர் பலமுறை கழுவ வேண்டும்.

சரிபார்த்தல்

ஒவ்வொரு துளைவழியின் ஒரு முனையில் எண்ணெயைச் செலுத்தி, மறுமுனையில் தடையின்றி வருகிறதா எனப் பார்ப்பது எளிய சோதனை. பூட்டும் முன் எல்லா உராய்வுப் பரப்புகளிலும் எண்ணெய் இடவேண்டும். பொறியை இயக்கும் முன், எண்ணெய் திரும்பும் வழியில் வந்து சேர்கிறதா என்பதையும் உறுதி செய்ய வேண்டும்.

பாதுகாப்பு

பெட்ரோல் ஆவி சுமார் −40 பாகை செல்சியசிலேயே தீப்பற்றக் கூடியது; எனவே அது கழுவுநீர்மமாக ஏற்றதன்று. மண்ணெண்ணெய்க்கு இவ்வெல்லை சுமார் 38 பாகைக்கு மேல் அமைகிறது. வட தமிழ்நாட்டின் கோடை வெயில் அதனை எட்டுவதால், காற்றோட்டமான நிழலில் வேலை செய்தல் நன்று. 2000 ஆம் ஆண்டுக்கு முன் ஈயம் கலந்த பெட்ரோலில் ஓடிய பொறிகளின் கரியில் ஈயச் சேர்மங்கள் இருக்கலாம். பழைய காஸ்கெட்டுகளில் கல்நார் இருக்கக்கூடும். இவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டாமல் நனைத்து எடுக்க வேண்டும்.

கழிவு

பயன்படுத்திய எண்ணெய் இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு இடர்மிகு கழிவு விதிகளின் கீழ் வருகிறது. அதனை மூடிய கலனில் சேர்த்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தின் கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில், தொழிற்சாலைகளின் இடர்மிகு கழிவுகளுக்கான பொதுக் கையாளுகை நிலையம் அமைக்கப்பட்டது. சிறு பட்டறையின் கழுவுநீர்மம் அளவில் குறைவாயினும், சாக்கடையில் ஊற்றினால் அது கால்வாய்களையும் நிலத்தடி நீரையும் சென்றடையும்.