வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தால் என்ன செய்வது?

நம் சங்க உறுப்பினர்களில் பலர் இப்போது சொந்தமாக லோடு வண்டி வைத்திருக்கிறார்கள். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லியிலிருந்து விடியற்காலையில் கோயம்பேடு போய்ச் சரக்கெடுத்து வரும் குட்டி யானை ஒரு நாள் படுத்துவிட்டால், அன்றைய வியாபாரம் போயிற்று. ஆகவே டாஷ்போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தவுடன் சிலர் பதறிப்போய், மெக்கானிக் சொன்ன பாகத்தையெல்லாம் மாற்றிவிடுகிறார்கள். வேறு சிலர், "வண்டிதான் ஓடுகிறதே" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டக் கணக்குதான்.

விளக்கு எப்படி வந்தது?

புகையைக் கட்டுப்படுத்துவதற்காக ஏற்பட்ட விளக்கு இது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 1988ஆம் ஆண்டு மாடலிலிருந்து, வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கியது. 1996 மாடல் முதல் அந்நாட்டுக் கார்கள் அனைத்துக்கும் பொதுவான குறியீட்டு எண்கள் வந்தன. நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 4 விதியோடு 2010 ஏப்ரலில் முதல் கட்டமாகவும், 2013 ஏப்ரலில் இரண்டாம் கட்டமாகவும் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி அதை இன்னும் கடுமையாக்கியது.

விளக்கு சொல்வது என்ன?

என்ஜினில் காற்று, எரிபொருள், சூடு, புகை ஆகியவற்றை அளக்கப் பல சென்சார்கள் உள்ளன. அவை அனுப்பும் அளவுகளை ஒரு சிறு கம்ப்யூட்டர் சரிபார்க்கிறது. இருக்க வேண்டிய அளவுக்கும் வந்த அளவுக்கும் வித்தியாசம் தெரிந்தால், ஒரு எண்ணைப் பதிவு செய்துகொண்டு விளக்கைப் போடுகிறது.

நம் கணக்கிலேயே சொல்கிறேன். பேரேட்டில் 50 மூட்டை இருப்பு. குடோனில் எண்ணினால் 48. இரண்டு மூட்டை குறைகிறது என்று தெரிந்துவிட்டது. ஆனால் பில் போடாமல் கொடுத்ததா, வரும்போதே குறைந்ததா, திருட்டா என்று பேரேடு சொல்லாது. அதை நாம்தான் தேட வேண்டும். விளக்கும் அப்படித்தான். எந்தக் கணக்கு இடிக்கிறது என்று சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது.

எண்ணைப் படிப்பது எப்படி?

ஸ்டீயரிங்குக்குக் கீழே, டாஷ்போர்டின் அடியில் 16 முனைகள் கொண்ட ஒரு சாக்கெட் இருக்கும். அதில் ஸ்கேனரைச் செருகினால் எண் தெரியும். 'பி 0301' என்றால் முதல் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். காரணம் பிளக்காக இருக்கலாம், காயிலாக இருக்கலாம், இன்ஜெக்டராகவும் இருக்கலாம். 'பி 0171' என்றால் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. குழாயில் விரிசல், அழுக்கேறிய சென்சார், பலமிழந்த பம்ப் என்று அதற்கும் பல காரணங்கள் உண்டு.

'பி 0135' ஆக்சிஜன் சென்சாரைச் சூடாக்கும் மின்சுற்றில் கோளாறு என்பதைக் காட்டும் எண். உடனே சென்சாரை மாற்றச் சொல்வார்கள். பியூஸ் போயிருந்தாலும், ஒயர் அறுந்திருந்தாலும் இதே எண்தான் வரும். இங்கே நம்மவர்கள் கவனிக்க வேண்டியது எலி. அரிசி, பருப்பு குடோன் ஓரத்தில் இரவு நிற்கும் வண்டிக்குள் எலி புகுந்து ஒயரைக் கடிப்பது நாமறிந்த சங்கதி. கடித்த ஒயர் அப்படியே இருக்க, புதுச் சென்சார் போட்டால் விளக்கு மறுபடியும் எரியும். மழைத் தண்ணீரும் இப்படித்தான். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் வந்த வெள்ளத்தைப் போல் தண்ணீரில் நின்ற வண்டிகளில், ஒயர் இணைப்புகள் களிம்பேறிக் கோளாறு பின்னால் தலைகாட்டலாம்.

அவசரம் எது, அவசரமல்லாதது எது?

மஞ்சள் விளக்கு நிலையாக எரிந்து, வண்டியும் வழக்கம்போல் ஓடினால், சரக்கை இறக்கிவிட்டு ஓரிரு நாளில் காட்டலாம். பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிகளில் விளக்கு விட்டுவிட்டு மின்னினால், எரியாத எரிபொருள் புகைக்குழாய்க்குப் போகிறது என்று அர்த்தம். அங்குள்ள விலையுயர்ந்த கேட்டலிடிக் கன்வெர்ட்டர் சூடேறிப் பாழாகும். வேகத்தைக் குறைத்துச் சீக்கிரம் ஓரங்கட்டுங்கள். சிவப்பில் ஆயில் விளக்கோ, சூடு விளக்கோ எரிந்தால் அது வேறு விஷயம்; உடனே என்ஜினை நிறுத்திவிட வேண்டும்.

பாரத் ஸ்டேஜ் 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருந்தால், நெரிசலில் குறுகிய தூரமே ஓடுவதால் அது அடைத்துக்கொள்ளும். வண்டியோடு வந்த புத்தகத்தில் சொன்னபடி சீரான வேகத்தில் சிறிது நேரம் ஓட்டினால், கரி எரிந்து சுத்தமாகும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

1. முதலில் எண்ணைப் படித்து, தேதி, கிலோமீட்டரோடு நோட்டில் எழுதுங்கள்.

2. எழுதும் முன் எண்ணை அழிக்கவோ, பேட்டரியைக் கழற்றவோ விடாதீர்கள். கோளாறு வந்த நேரத்து வேகம், சூடு முதலிய விவரங்களும் சேர்ந்து அழிந்துவிடும்.

3. பாகத்தை மாற்றும் முன் ஒயர், பியூஸ், ரப்பர் குழாய், காற்று வடிகட்டி ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

4. "இந்தப் பாகம்தான் கெட்டது என்று எதைச் சோதித்துத் தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள்.

5. வாரண்டி உள்ள வண்டியை வெளியில் பிரிக்கவிடாமல், கம்பெனி சர்வீசுக்கே கொண்டுபோங்கள்.

பழைய வண்டி வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. சாவியைத் திருப்பியதும் இந்த விளக்கு எரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். சாவியைத் திருப்பும்போதே எரியாவிட்டால், விளக்கு பழுதாகவோ வேண்டுமென்றே துண்டிக்கப்பட்டோ இருக்கலாம். ஸ்கேனர் போட்டுப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பாடியிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஆலைகள் உள்ள ஊர்க்காரர்கள் நாம். பாகம் கிடைப்பது நமக்குச் சிரமமில்லை. எது தேவை என்று தெரிந்து வாங்குவதில்தான் லாபம் இருக்கிறது.